33 கே.வி. கேபிளுக்கான எக்ஸ்.எல்.பி.இ. காம்பவுண்டு: ஒரே மூட்டைக்குள் பெராக்சைடும் ஆன்டிஆக்சிடன்டும்

11 கே.வி. முதல் 33 கே.வி. வரையிலான மின்கேபிள்களுக்குக் காப்புறையாகப் பயன்படும், குறுக்குப்பிணைத்த பாலிஎதிலீனாக (எக்ஸ்.எல்.பி.இ.) மாறக்கூடிய, பெராக்சைடு கலந்த பாலிஎதிலீன் காம்பவுண்டு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. எங்கள் ஆலையின் சி.சி.வி. லைனில் (கடத்தியின் மேல் காப்புறையைப் பூசி, நைட்ரஜன் நிரம்பிய நீண்ட சூடான குழாய்க்குள் பிணைக்கும் லைன்) ஓராண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சரக்கின் குறைகளையும் சேர்த்தே எழுதப்போவதால், தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் கிரேடு எண்ணையும் தவிர்த்திருக்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும் இது பயன்படும் என்றே நினைக்கிறேன். பிணைப்பைத் தொடங்கும் பெராக்சைடும், ஆக்சிஜனால் காப்புறை கெடாமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்டும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்ற கேள்வி, இந்த வகையில் யாருடைய மூட்டையை வாங்கினாலும் எழக்கூடியது. வாங்கும் பிரிவினர் விலையையும் விவரத்தாளையும் மட்டும் வைத்து முடிவு செய்யும்போது அந்தக் கேள்விதான் முதலில் விடுபட்டுப் போகிறது.

மிகத் தூய்மையான குறைந்த அடர்த்தி பாலிஎதிலீனில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு டைகியூமைல் பெராக்சைடும், அதைவிடப் பல மடங்கு குறைவான ஆன்டிஆக்சிடன்டும் சேர்த்து, குருணைகளாக்கி, 25 கிலோ மூட்டைகளில் அடைத்துத் தருகிறார்கள். பாலிஎதிலீன் 110 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். அதைக் கொண்டு செய்த காப்புறை 90 பாகையில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தாங்கவும், ஷார்ட் சர்க்யூட் நேரும்போது சில நொடிகள் 250 பாகை வரை போய்த் திரும்பவும் வேண்டுமென்றால், அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்தே ஆக வேண்டும். அந்தக் குறுக்குப்பிணைப்பைத் தொடங்கிவைப்பது பெராக்சைடு. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த கில்பர்ட், பிரிகோப்பியோ ஆகிய இருவரும் 1963-இல் காப்புரிமை பெற்ற காலம் தொட்டு இந்த வழிமுறையின் அடிப்படை மாறவில்லை. எந்த ஆன்டிஆக்சிடன்டை எவ்வளவு சேர்ப்பது என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தப் பொருளின் விவரத்தாளில் அடர்த்தி, இழுவிசை வலிமை, நீட்சி, மின்கடத்தாத் தன்மை, ஹாட் செட் (சூட்டில் சுமையோடு நீளும் அளவு) என்று எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆன்டிஆக்சிடன்டைப் பற்றி "தக்க நிலைப்படுத்தி சேர்க்கப்பட்டது" என்ற பொருள்படும் ஒரே வரிதான் உண்டு. கேட்டுக் கேட்டு அவர்களுடைய தொழில்நுட்பப் பிரிவிடமிருந்து பெற்ற தகவல், முன்பு நாங்கள் ஓட்டிய கிரேடில் இருந்தது போன்ற தயோபிஸ்ஃபீனால் இதில் இல்லை என்பதும், அதற்குப் பதிலாக ஹின்டர்டு ஃபீனால் ஒன்றையும் தயோஎஸ்டர் வகையைச் சேர்ந்த டிஸ்டியரில் தயோடைபுரோப்பியோனேட்டையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதும்தான். தயோபிஸ்ஃபீனாலை ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் சான்டோனாக்ஸ் என்ற பழைய வணிகப் பெயரால்தான் சொல்வோம். தயோஎஸ்டர் டி.எஸ்.டி.டி.பி. என்ற சுருக்கத்தில்தான் வாயில் நுழையும். இந்த மாற்றம் ஒன்றுதான் இப்பொருளின் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வேர் என்பது என் முடிவு.

ஏன் இந்த மாற்றம் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. டைகியூமைல் பெராக்சைடு சூடாகும்போது அதன் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு அறுந்து, இணையற்ற எலக்ட்ரானோடு சட்டென்று வினைபுரியத் துடிக்கும் இரண்டு கியூமைலாக்சி ராடிக்கல்கள் பிறக்கின்றன. அவை பாலிஎதிலீன் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு கியூமைல் ஆல்கஹாலாக மாறும். அல்லது தாமே உடைந்து அசிட்டோஃபீனோனையும் ஒரு மெத்தில் ராடிக்கலையும் தரும். அந்த மெத்தில் ராடிக்கல் தன் பங்குக்கு ஒரு ஹைட்ரஜனைப் பறித்து மீத்தேனாகிவிடும். எந்த வழியில் போனாலும் சங்கிலியில் ஓரிடம் திறந்துகொள்கிறது. அப்படித் திறந்த இரண்டு இடங்கள் சந்தித்தால் ஒரு குறுக்குப்பிணைப்பு உண்டாகிறது. ஆன்டிஆக்சிடன்டாக வரும் ஹின்டர்டு ஃபீனாலோ, ராடிக்கலைக் கண்ட மாத்திரத்தில் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு. நாளை ஆக்சிஜனால் பிறக்கப்போகும் ராடிக்கலுக்கும், இன்று பெராக்சைடு பெற்றுத் தரும் ராடிக்கலுக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. கல்யாணத்துக்கு வாங்கி வைத்த அரிசியைக் காவலுக்கு வைத்த ஆளே முந்தின நாள் சமைத்துச் சாப்பிடுவது போன்றது இது.

எவ்வளவு சாப்பிடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ பாலிஎதிலீனில் 20 கிராம் டைகியூமைல் பெராக்சைடு இருப்பதாகக் கொள்வோம். அதன் மூலக்கூறு எடை 270 என்பதால் அது 0.074 மோல் ஆகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு ராடிக்கல்களைத் தருவதால் மொத்தம் 0.148 மோல் ராடிக்கல்கள். அதே ஒரு கிலோவில் 2 கிராம் தயோபிஸ்ஃபீனால் இருந்தால், அதன் மூலக்கூறு எடை 358 என்பதாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீனால் தொகுதிகள் இருப்பதாலும் 0.011 மோல் ஃபீனால் கிடைக்கிறது. ஃபீனால் ஒன்று முதலில் ஒரு ராடிக்கலுக்கு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. பிறகு ஃபீனாக்சி ராடிக்கலாக மாறிய நிலையில் இன்னொரு ராடிக்கலோடு இணைந்துகொள்கிறது. ஆக, ஒரு ஃபீனால் இரண்டு ராடிக்கல்களை முடித்துவைக்க முடியும். 0.148-இல் 0.022 என்றால் ஏறத்தாழ 15 சதவீதம். நூறு ரூபாய்க்குப் பெராக்சைடு வாங்கினால் அதில் பதினைந்து ரூபாய் வரை ஆன்டிஆக்சிடன்டின் கைக்குப் போகக்கூடும் என்று பொருள். அதே 2 கிராம் இர்கனாக்ஸ் 1010 என்ற ஹின்டர்டு ஃபீனால் போன்ற பெரிய மூலக்கூறாக இருந்தால், எடை 1178-ஆகவும் ஃபீனால் தொகுதிகள் நான்காகவும் இருப்பதால், இழப்பு 9 சதவீத அளவில் நிற்கும்.

பாலிஎதிலீன் கடலளவு இருக்கும்போது இந்தச் சிட்டிகை ஃபீனாலிடம் ராடிக்கல் ஏன் போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் பயிற்சிப் பொறியாளர்கள் கேட்பதுண்டு. எண்ணிக்கையில் ஃபீனால் தொகுதியைவிடச் சங்கிலியின் மெத்திலீன் தொகுதிகள் ஆறாயிரம் மடங்குக்கு மேல் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கியூமைலாக்சி ராடிக்கல் ஒரு மெத்திலீனிடமிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பதைவிட ஃபீனாலிடமிருந்து பறிப்பது நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக நடக்கும். அதனால் போட்டி அவ்வளவு ஒருதலைப்பட்சமாக இல்லை. குழாய்க்குள் நைட்ரஜன் சூழலில் ஆக்சிஜனே இல்லாத நேரத்தில் ஃபீனால் இப்படித் தீர்ந்துபோவது வீண் செலவு. அது தேவைப்படுவது, கேபிள் மண்ணுக்குள் போன பிறகு வரும் ஆண்டுகளில்.

ஆகவே ஃபீனாலின் அளவைக் குறைத்துவிட்டு, விடுபட்ட பாதுகாப்பைத் தயோஎஸ்டரைக் கொண்டு ஈடுகட்டுவது என்ற வழியை இந்தத் தயாரிப்பாளர் எடுத்திருக்கிறார். தயோஎஸ்டர் ராடிக்கலுக்கு ஹைட்ரஜன் கொடுப்பதில்லை. ஆக்சிஜனேற்றத்தின் நடுவில் உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகளை, அவை பிளந்து புதிய ராடிக்கல்களைத் தருவதற்குமுன், தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றிவிடுவதே அதன் வேலை. குறுக்குப்பிணைப்பு நடக்கும்போது அது பெரும்பாலும் ஒதுங்கி நிற்கும், பிறகு ஃபீனாலோடு சேர்ந்து காவல் காக்கும் என்பது கோட்பாடு. கோட்பாட்டின் இந்தப் பாதி எங்கள் லைனில் நன்றாகவே நிறைவேறியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பிணைப்பு கூடக்கூட உயரும் முறுக்குவிசையை அளக்கும் ரியோமீட்டரில் 180 பாகையில் பழைய கிரேடையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டினால், இதன் உச்ச முறுக்குவிசை தெளிவாகவே மேலே நிற்கிறது. பெராக்சைடின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், கூடுதலாகக் கிடைத்த பிணைப்பு, ஃபீனால் விழுங்காமல் விட்ட ராடிக்கல்களிடமிருந்து வந்ததாகத்தான் கொள்ள முடியும். வளைவு ஏறத் தொடங்கும் நேரமும் சற்று முன்னதாக வருகிறது. இது எதிர்பார்த்த விலைதான். தொடக்கத்தில் பிறக்கும் ராடிக்கல்களை ஃபீனால் விழுங்குவதாலேயே எக்ஸ்ட்ரூடருக்குள் காம்பவுண்டு முன்கூட்டியே பிணைந்துவிடாமல் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. ஃபீனாலைக் குறைத்தால் அந்த அவகாசமும் குறையும். ஸ்கார்ச் என்று நாம் சொல்லும் இந்த முன்பிணைப்பை 140 பாகையில் தனியாகச் சோதித்தபோதும் பழைய கிரேடுதான் மெதுவாக எழுந்தது.

டைகியூமைல் பெராக்சைடு பாதியாகக் குறைய 115 பாகையில் பத்து மணி நேரமும், 135 பாகையில் ஒரு மணி நேரமும், 175 பாகையில் ஒரு நிமிடமும் ஏறத்தாழ எடுத்துக்கொள்ளும். ஆகவே உருகிய காம்பவுண்டு 135 பாகைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. ஓடாமல் தேங்கும் இடத்தில்தான் சிக்கல். சல்லடைக்குப் பின்னாலிருக்கும் பிரேக்கர் பிளேட்டின் ஓரங்களிலும், டையின் திருப்பத்திலும் தேங்கிய பொருள் மெல்ல மெல்லப் பிணைந்து, நாங்கள் ஆம்பர் என்று சொல்லும் தேன்நிறத் துகள்களாகக் காப்புறைக்குள் வந்து விழும். பழைய கிரேடில் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் தலைகாட்டிய ஆம்பர், இந்தக் கிரேடில் அதற்கு முன்பே தென்படத் தொடங்கியது. உருகு வெப்பத்தை மூன்று நான்கு பாகை இறக்கி, ஸ்க்ரூவின் வேகத்தையும் சற்றுத் தளர்த்திய பிறகு நிலைமை சமமானது. ஆல்ஃபா மெத்தில்ஸ்டைரீன் டைமர் போன்ற ஸ்கார்ச் தடுப்பானைச் சேர்த்திருந்தால் இந்தத் தளர்வே தேவைப்பட்டிருக்காது. அது முன்பிணைப்பைத் தள்ளிப்போட்டு, இறுதிப் பிணைப்பையும் கெடுக்காமல் விட்டுவிடும் பொருள். இந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

லைனின் மறுமுனையில் கிடைப்பதோ நிறைவாக இருக்கிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 7098 இரண்டாம் பாகமும் ஐ.இ.சி. 60502-2 என்ற சர்வதேசத் தரமும் கேட்கும் ஹாட் செட் சோதனையில், 200 பாகை அடுப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் சுமையைத் தொங்கவிட்டு, 15 நிமிடத்தில் நீட்சி 175 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுமையை எடுத்து ஆறவைத்த பிறகு எஞ்சும் நீட்சி 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிணைப்பு எங்கே மிகக் குறைவாக இருக்குமோ அங்கிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. நைட்ரஜனில் வெளியிலிருந்து உள்ளே சூடேறும் சி.சி.வி. குழாயில் அது கடத்தியை ஒட்டிய உட்பகுதி. புதிய மூட்டையிலிருந்து ஓட்டிய கேபிளின் உட்பகுதி மாதிரி, அடுப்புக் கண்ணாடி வழியே பார்க்கும்போது, முதல் நிமிடத்தில் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் உள் வரம்பான 100 சதவீதத்துக்கு அருகில்கூட அது வரவில்லை. சுமையை எடுத்ததும் குறிக்கோடுகள் பழைய இடத்துக்கே சுருங்கிவிட்டன. இந்த மிச்சத்தை வைத்து லைன் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட முடிந்தது. உற்பத்திப் பிரிவினர் இந்தக் கிரேடை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அதுவே.

ஃபீனாலைக் குறைத்ததனால் முதுமைத் தாங்கும் திறன் குறைந்திருக்குமோ என்பதுதான் எனக்கிருந்த சந்தேகம். 135 பாகையில் ஏழு நாள் வைத்தெடுத்த மாதிரிகளில் இழுவிசை வலிமையும் நீட்சியும் 25 சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது தரம். இது அதில் சிரமமின்றித் தேறியது. ஆனால் ஏழு நாள் சோதனை மிகவும் தாராளமான சோதனை, அதில் தேறாத காம்பவுண்டு சந்தைக்கே வந்திருக்காது. ஆகையால் 200 பாகையில் ஆக்சிஜன் செலுத்தி, ஆக்சிஜனேற்றம் தொடங்க ஆகும் நேரத்தை அளந்து பார்த்தோம். குருணையில் அளந்தால் பழைய கிரேடு முந்துகிறது. குறுக்குப்பிணைப்பு முடிந்த காப்புறையில் அளந்தால் இரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. பழைய கிரேடில் நிறையப் போட்டதில் பெரும்பங்கு பெராக்சைடோடு மோதித் தீர்ந்துவிட்டது. புதியதில் குறைவாகப் போட்டதில் கணிசமான பகுதி உயிரோடு தப்பியிருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 200 பாகைச் சோதனை தயோஎஸ்டருக்கு முழு மதிப்பெண் கொடுக்காத சோதனை. 90, 100 பாகை அளவில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் மெதுவான ஆக்சிஜனேற்றத்தில்தான் ஹைட்ரோபெராக்சைடை அழிக்கும் அதன் திறன் கைகொடுக்கும். குருணையில் அளந்த எண்ணை மட்டும் காட்டி விற்கும் பிரதிநிதிகளிடம், பிணைப்புக்குப் பிந்தைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் தயாரித்த சில வாரங்களுக்குள் நாங்கள் உடைத்த மூட்டைகளைப் பற்றியது. கோடையைக் கடந்த மூட்டைகளின் கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக் கிடங்கின் மேலடுக்கில் 40 பாகைக்கு மேல் வெப்பம் நிற்கும். டைகியூமைல் பெராக்சைடின் உருகுநிலையே 40 பாகை அளவில்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அப்படி இருந்த மூட்டைகளை எடுத்து ஓட்டியபோது ரியோமீட்டரின் உச்ச முறுக்குவிசை இறங்கியிருந்தது. ஹாட் செட் நீட்சி எங்கள் உள் வரம்பைத் தாண்டி, தர வரம்பைத் தொடாமல் நின்றது. கேபிள் தேறிவிட்டது என்றாலும், ஒரே கிரேடில் இவ்வளவு வேறுபாட்டை ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆள் சும்மா விட்டுவிட முடியாது.

சப்ளையர் தந்த முதல் விளக்கம், வெப்பத்தில் பெராக்சைடு வியர்த்து வெளியேறி மூட்டையின் உள்ளுறையில் ஒட்டிக்கொண்டது என்பது. அதில் ஓரளவு உண்மை உண்டு. உள்ளுறையை விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. ஆனால் உள்ளுறையைக் கழுவி அளந்தால் கிடைத்த பெராக்சைடு, காணாமல்போன அளவுக்கு ஈடாகவில்லை. அதைவிட முக்கியமாக, ஓட்டுவதற்குமுன் எடுத்த குருணையிலேயே ஃபீனாலும் ஆல்ஃபா மெத்தில்ஸ்டைரீனும் கேஸ் குரோமட்டோகிராஃபில் தெளிவாகத் தலைகாட்டின. இங்கே ஃபீனால் என்பது ஆன்டிஆக்சிடன்டைக் குறிக்கவில்லை, வெறும் கார்பாலிக் அமிலத்தைக் குறிக்கிறது. வெப்பத்தால் ராடிக்கலாகப் பிளந்த பெராக்சைடு அசிட்டோஃபீனோனையும் கியூமைல் ஆல்கஹாலையும்தான் விட்டுச்செல்லும், ஃபீனாலை விடாது. அமிலத்தின் கையில் சிக்கிய டைகியூமைல் பெராக்சைடுதான் ராடிக்கல் எதுவும் இல்லாமல் ஃபீனால், அசிட்டோன், ஆல்ஃபா மெத்தில்ஸ்டைரீன் என்று மூன்றாகச் சிதறும். 94, 58, 118 ஆகிய மூன்று எடைகளையும் கூட்டினால் பெராக்சைடின் 270 அப்படியே வரும். ஓர் அணுகூட மிச்சமில்லாமல் கணக்குச் சரியாகிவிடும், ஒரு குறுக்குப்பிணைப்பு மட்டும் உண்டாகியிருக்காது.

அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்றால், தயோஎஸ்டரிடமிருந்து. கந்தகமுள்ள ஆன்டிஆக்சிடன்ட் ஹைட்ரோபெராக்சைடோடு வினைபுரியும்போது முதலில் சல்ஃபாக்சைடாகிறது. அது பின்னர் சிதைந்து சல்ஃபீனிக் அமிலத்தையும், மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்ற வேறு கந்தக அமிலங்களையும் தருகிறது. ஆன்டிஆக்சிடன்ட் என்ற கோணத்தில் இந்த அமிலங்கள் வரவேற்கத்தக்கவை. ஒரு மூலக்கூறு பல ஹைட்ரோபெராக்சைடுகளை அடுத்தடுத்து அழிப்பது இவற்றால்தான். ஆனால் குறுக்குப்பிணைப்புக்குமுன், பெராக்சைடு இன்னும் வேலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் இவை பிறந்துவிட்டால், காத்திருக்கும் பெராக்சைடையே அழிக்கத் தொடங்கிவிடும். அமிலம் ஊக்கியாகச் செயல்படுவதால் மிகச் சிறிய அளவே போதும். ஃபீனால் சாப்பிடுவதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று மேலே கணக்குப் போட்டோம். இதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. ஃபீனாலின் பங்கு முதல் நாளே ரியோமீட்டரில் தெரிந்துவிடும், அதற்கேற்பப் பெராக்சைடைக் கூட்டிக்கொள்ளலாம். தயோஎஸ்டரின் பங்கு கிடங்கின் வெப்பத்தையும் மூட்டையின் வயதையும் பொறுத்து மாறுவதால், கூட்டிக்கொள்வதற்கு நிலையான எண் எதுவும் கிடைக்காது.

அமிலத்தின் இன்னொரு கைவரிசை பிணைப்பு முடிந்த பிறகும் தொடர்கிறது. வழக்கமாகக் காப்புறையில் தங்கும் கியூமைல் ஆல்கஹாலை அது ஆல்ஃபா மெத்தில்ஸ்டைரீனாகவும் தண்ணீராகவும் உடைக்கிறது. கோடைச் சரக்கில் ஓட்டிய காப்புறையை கார்ல் ஃபிஷர் முறையில் அளந்தபோது ஈரப்பதம் புதிய சரக்கைவிடக் கூடியிருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் புகக் கூடாது என்பதற்காகத்தான் நீராவியை விட்டுவிட்டு உலர்ந்த நைட்ரஜனில் பிணைக்கும் முறைக்கே தொழில் மாறியது. காப்புறை தனக்குள்ளேயே தண்ணீரை உற்பத்தி செய்துகொண்டால் அந்தச் செலவுக்குப் பொருளில்லாமல் போகிறது. நடுத்தர மின்னழுத்தக் கேபிளில் நீர்மரங்கள் (காப்புறைக்குள் கிளைவிட்டுப் பரவி அதைப் பலவீனப்படுத்தும் நுண்ணிய ஈரத்தடங்கள்) வளர ஈரமும் மின்புலமும் போதும் என்பதால் இதை நான் ஹாட் செட்டை விடப் பெரிய குறையாகவே வைக்கிறேன்.

இந்தப் பிரச்சினை தொழிலுக்குப் புதியதன்று. சிறிதளவு காரத்தன்மையுள்ள ஹின்டர்டு அமீனைக் கூடவே சேர்த்து, பிறக்கும் அமிலத்தை அங்கேயே நடுநிலையாக்குவது அறிந்த வழி. சப்ளையரிடம் இந்தக் கருத்தைத் தெரிவித்தபோது தங்கள் அடுத்த பதிப்பில் அதைப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. டி.எம்.கியூ. என்ற குயினோலின் வகை அமீன் ஆன்டிஆக்சிடன்ட் பெராக்சைடோடு மிகக் குறைவாகவே மோதும் என்று ரப்பர் துறையில் பெயரெடுத்தது. ஆனால் அது காப்புறையைப் பழுப்பாக்கிவிடும், தூய எக்ஸ்.எல்.பி.இ. கேட்கும் வாடிக்கையாளர் அதை ஏற்கமாட்டார்.

பிணைப்பின்போது உண்டான வாயுக்களைக் காப்புறையிலிருந்து வெளியேற்றும் வாயுநீக்கத்தைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெராக்சைடின் அளவு ஒன்றே என்பதால் மீத்தேனும் ஒன்றே. அசிட்டோஃபீனோனின் இனிப்பு கலந்த வாசனை டிரம்மைத் திறந்ததும் வழக்கம்போல் முகத்தில் அடிக்கும். அசிட்டோஃபீனோன், கியூமைல் ஆல்கஹால் இரண்டுமே 202 பாகையில் கொதிப்பவை என்பதால் வெதுவெதுப்பான அறையில் வைத்தால் மீத்தேன் போகும், இவை பெரும்பாலும் தங்கிவிடும். ஆக்சிஜனேற்ற நேரத்தையும் மின்காப்பு அளவீடுகளையும் இவை குழப்பும் என்பதால், இரண்டு கிரேடுகளை ஒப்பிடுகிறவர்கள் மாதிரிகளை ஒரே அளவு வாயுநீக்கம் செய்துவிட்டு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாமல் எங்களிடம் காட்டப்பட்ட ஓர் ஒப்பீட்டு அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

குருணையின் மேற்பரப்பு பாராட்டத்தக்கது. தயோபிஸ்ஃபீனால் பாலிஎதிலீனில் அதிகம் கரையாது. அதனால் அது நாளடைவில் மேலே பூத்து, காற்றுக் கடத்திக் குழாயின் வளைவுகளில் வெள்ளைப் பொடியாகப் படியும். பழைய கிரேடை ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு பராமரிப்பின்போதும் வளைவுகளைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இந்தக் கிரேடில் துடைத்த துணி ஏறக்குறைய அப்படியே வருகிறது. காப்புறைக்குள் விழும் தூசி குறைவதால் 33 கே.வி. வேலைக்கு இது சிறிய ஆதாயமன்று.

மொத்தத்தில், குளிர்ந்த கிடங்கும் வேகமான சரக்குச் சுழற்சியும் உள்ள ஆலைகளுக்கு இந்தக் காம்பவுண்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலை பழையதைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல் என்றாலும் லைன் வேகத்திலேயே அது திரும்பி வந்துவிடுகிறது. மாதக்கணக்கில் சரக்கைத் தேக்கிவைக்கும் ஆலைகளும், ஆர்டருக்கு ஏற்ப விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களும், அமீன் சேர்த்த பதிப்பு வரும் வரை தயோபிஸ்ஃபீனால் கிரேடிலேயே இருப்பது நல்லது. நாங்கள் வாங்குவதைத் தொடர்கிறோம், ஆனால் கொள்முதல் ஆணையில் மூன்று வரிகளைச் சேர்த்திருக்கிறோம். தயாரிப்புத் தேதி ஒவ்வொரு மூட்டையிலும் இருக்க வேண்டும். லாட் சான்றிதழில் தயாரித்த நாளின் உச்ச முறுக்குவிசையோடு, 70 பாகை அடுப்பில் இரண்டு வாரம் வைத்தெடுத்த குருணையின் உச்ச முறுக்குவிசையும் தரப்பட வேண்டும். இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் இறக்கம் இருந்தால் லாட் திருப்பி அனுப்பப்படும். முதல் இரண்டு வரிகளுக்குச் சப்ளையர் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.